நாற்பது பக்க நோட்டு

என் தங்கை பத்தாம் வகுப்போடு நின்றவள். நின்றவள் என்று சொல்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம். நிறுத்தப்பட்டவள் என்று சொல்ல எனக்குப் பல வருடங்கள் ஆயின. நான் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்த அதே ஜூன் மாதத்தில்தான் அவள் அம்மாவோடு நித்தியகல்யாணி இலை உருவப் போகத் தொடங்கினாள். ஒருத்தியைத்தான் படிக்க வைக்க முடியும் என்று அப்பா சொன்னார். நான் மூத்தவள் என்பதைத் தவிர அந்த முடிவில் வேறு நியாயம் எதுவும் இல்லை.

பிறகு நான் எம்.ஏ., எம்.ஃபில்., பி.எச்டி. என்று போனேன். சங்க இலக்கியப் பெண்பாற் புலவர்கள் பற்றி ஆய்வேடு எழுதினேன். கவிதைத் தொகுப்பு வந்தது. பெண்களின் சொல் எப்படி ஏட்டில் ஏறாமல் போகிறது என்று வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் பேசுவேன். மாணவிகள் குறிப்பெடுப்பார்கள். என் தங்கையும் குறிப்பெடுத்துக்கொண்டுதான் இருந்தாள். அதை நான் படிக்கவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தங்கை மகளுக்கு ஆறரை வயதில் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே அதிகம். முறையாக மருத்துவம் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகள் குணமடைகிறார்கள். ஆனால் அந்த மருத்துவம் இரண்டு வருடத்துக்கும் மேல் நீளும். முதல் மாதங்கள் கடுமையானவை. பிறகு பராமரிப்புக் கட்டம் என்று ஒன்று வரும். பிள்ளை வீட்டிலிருக்கும், முடி மறுபடி முளைக்கும், பள்ளிக்கூடம்கூடப் போகும். ஆனால் தினமும் இரவில் ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒருமுறை வேறொரு மாத்திரை. மாதம் ஒருமுறை மாநகரத்துக்குப் போய் நரம்பில் ஊசி, அதோடு ஐந்து நாள் ஸ்டீராய்டு.

அந்த ஊசியின் பெயர் வின்கிரிஸ்டின். அது எங்கள் ஊர்ச் செடியிலிருந்து வருவது என்று வார்டில் வயதான செவிலியர் ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. உண்மைதான். நித்தியகல்யாணியின் இலையில் மிக மிகக் குறைந்த அளவில் அது இருக்கிறது. ஒரு கிராம் எடுக்க ஏறத்தாழ அரை டன் காய்ந்த இலை வேண்டும். மடகாஸ்கரிலிருந்து உலகெங்கும் பரவிய இந்தச் செடியை நீரிழிவுக்கு மருந்தாகுமா என்று ஆராயப்போனவர்கள், இது இரத்த வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். 1963இல் வின்கிரிஸ்டின் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இது பயிராக நின்றதும், பெண்கள் குனிந்து இலை உருவியதும், மூட்டைகள் லாரியேறிப் போனதும் அதன் தொடர்ச்சி. அம்மாவிடம் சொன்னபோது, "நாம உருவுன எலையா புள்ளைக்கு ஊசியா வந்துருக்கு?" என்று கேட்டுவிட்டுத் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். எங்கள் பக்கம் அதை யாரும் தலையில் சூட மாட்டார்கள். நித்தியகல்யாணி என்று ஒரு பெயர், சுடுகாட்டு மல்லி என்று இன்னொரு பெயர்.

தங்கை முதல் நாளிலிருந்தே ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தாள். அட்டையில் மகள் பெயர், மூன்றாம் வகுப்பு என்று அச்சடித்த லேபிள். உள்ளே ஸ்கேலால் கோடு போட்டுக் கட்டங்கள்: தேதி, காய்ச்சல், சாப்பாடு, வெளிக்குப் போனது, மாத்திரை, ஊசி, வெள்ளை அணு. மருந்துப் பெயர்களைத் தன் காதில் விழுந்தபடி தமிழில் எழுதினாள். 'விங்கிரிஸ்டி'. 'மெத்தட்ரசேட்'. காலியான மாத்திரை அட்டையிலிருந்து பெயர் உள்ள துண்டை வெட்டி எடுத்துப் பக்கத்திலேயே சோற்றுப் பருக்கையால் ஒட்டியும் வைத்தாள். அந்த நோட்டைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். "எல்லாம் ஃபைல்ல இருக்கும்ளா, நீ எதுக்குக் கெடந்து எழுதுத?" என்று கேட்டேன். "இருந்துட்டுப் போட்டும்க்கா" என்றாள்.

பாப்பாவுக்கு எட்டு வயது. அந்தக் கோடையில் வீட்டில் எல்லோருக்கும் படர்தாமரை. ஒரே சோப்பு, ஒரே துண்டு, வேர்வை. அம்மாவுக்கு இடுப்பில், தங்கைக்குக் கழுத்தில், பாப்பாவுக்குத் தொடையிலும் முதுகிலும் வட்ட வட்டமாக. களிம்பு போட்டும் போகவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த நான், "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று பாப்பாவைப் பக்கத்து ஊர்த் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஃபைலை எடுத்துப் போகவில்லை. தோலில் வருவதற்கும் இரத்தத்தில் இருப்பதற்கும் என்ன தொடர்பு என்று நினைத்தேன். அதைவிட முக்கியமான காரணம் வேறு.

மருத்துவர் கேட்டார். அவர் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். "வேற ஏதாவது நோய் இருக்கா? வேற மருந்து ஏதாவது எடுக்கிறாளா?"

அறையில் உதவிக்கு ஒரு பெண் நின்றிருந்தாள். எங்கள் ஊர் மருமகள். வெளியே பெஞ்சில் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர். பாப்பாவுக்கு என்ன நோய் என்று ஊரில் நாங்கள் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. 'இரத்தச் சோகை, மதுரையில பாக்குறோம்' என்றே சொல்லிவைத்திருந்தோம். பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு ஒருவன் வந்து கேட்கும்போது பெயர் கெட்டுவிடக் கூடாது என்று மச்சான் வீட்டில் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தோம். நானும்தான். எட்டு வயதுப் பிள்ளையின் திருமணத்தை மனத்தில் வைத்து நான் சொன்னேன்: "ஒண்ணுமில்ல டாக்டர். சத்து மாத்திரைதான்."

அவர் இட்ரகொனசோல் எழுதினார். தினம் ஒரு கேப்ஸ்யூல், சாப்பாட்டுக்குப் பிறகு, நான்கு வாரம். படர்தாமரைக்கு நம் ஊரில் மிகச் சாதாரணமாக எழுதப்படும் மருந்து. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலேகூடக் கிடைக்கும்.

அன்றிரவு தங்கை கேட்டாள்: "யக்கா, இத பெரியாஸ்பத்திரில சொல்லணுமா?"

"தோலுக்குக் குடுக்கதுதானளா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம்? ஒண்ணொண்ணையும் போயி சொன்னா ஏசப் போறாங்க."

அவள் மேலும் கேட்கவில்லை. வீட்டில் படித்தவள் நான்.

பத்து நாள் கழித்து ஊசிக்குப் போனார்கள். ஊசி போட்ட மூன்றாம் நாள் பாப்பா தாடை வலிக்கிறது என்றாள். சோறு மெல்லவில்லை. அடுத்து வயிறு இறுகியது. நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை. தங்கை மருத்துவமனையின் எண்ணுக்குப் போன் செய்தபோது, யாரோ ஒரு பயிற்சி மருத்துவர் வாழைப்பழம் கொடுக்கச் சொன்னார். எனக்குப் போன் செய்தாள். நான் உலர்திராட்சை ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னேன். ஆறாம் நாள், "செருப்பு நிக்க மாட்டேங்கு" என்று சொன்னாள். நடக்கும்போது வலது காலிலிருந்து செருப்பு கழன்று கழன்று விழுகிறது, பிள்ளை காலை உயர்த்தி உயர்த்தி வைக்கிறாள் என்றாள். "விளையாட்டுக்குச் செய்யும். நீ அதையே பாத்துட்டு இருக்காத" என்றேன். அவள் மாமியார், பிள்ளைக்குச் செல்லம் கூடிப்போச்சு என்றார். ஒன்பதாம் நாள் அதிகாலை பாப்பாவுக்கு வலிப்பு வந்தது.

மாநகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இரத்தத்தில் சோடியம் 118. குறைந்தது 135 இருக்க வேண்டும். வயிறு தப்பட்டை போல் விறைத்திருந்தது. மூளையில் நோய் ஏறிவிட்டதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். இல்லை. இரவுப் பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் தங்கையிடம், "இந்த மாசம் நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கம்மா" என்றார். தங்கை சொல்ல முடியாமல் நோட்டை நீட்டினாள்.

மருத்துவர் அதைப் பின்னாலிருந்து முன்னாக ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'செருப்பு நிற்கவில்லை.' 'தாடை வலி.' 'வெளிக்குப் போகலை, 4 நாள்.' ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. சோற்றுப் பருக்கையால் ஒட்டிய அட்டைத் துண்டு. பக்கத்தில் தங்கையின் கையெழுத்து: 'தோல் மாத்திரை. அக்கா வாங்கித் தந்தது. பெரியாஸ்பத்திரில சொல்லணும்.' கடைசி இரண்டு சொற்களும் ஒரு கோட்டால் அடிக்கப்பட்டிருந்தன.

"இதை யார் எழுதிக் கொடுத்தாங்க?" என்று கேட்டார். தங்கை தரையைப் பார்த்தாள். என் பெயரை அவள் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் 'சத்து மாத்திரை'யையும்.

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு தாளில் படம் வரைந்து சொன்னார். அதன் பிறகு நானும் தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்ணிய குழாய்கள் நூல்போல் உருவாகி மரபுப் பொருளை இரு பக்கமும் இழுக்கும். வின்கிரிஸ்டின் அந்த நூல் உருவாகவிடாது. வேகமாகப் பெருகும் புற்றணுக்கள் அதனால் சாகும். ஆனால் நரம்புகளுக்கும் அதே நுண்குழாய்கள்தான் தண்டவாளம். வேண்டிய சரக்கு அதன் வழியேதான் நரம்பின் நுனிவரை போகிறது. நீளமான நரம்பு முதலில் அடிபடும். பாதம் தொங்குவதும், செருப்பு நிற்காமல் போவதும் அதனால்தான். குடலை இயக்கும் நரம்பு அடிபட்டால் மலச்சிக்கல், முற்றினால் குடல் அப்படியே நின்றுபோகும். தாடை வலியும் இதன் அடையாளம். உடலில் நீர் தங்கிச் சோடியம் சரிந்து வலிப்பு வருவதும் உண்டு. சரியான அளவில் கொடுத்தாலே இவை ஓரளவு வரக்கூடும். ஆகவேதான் அளவை அவ்வளவு கவனமாகக் கணக்கிடுகிறார்கள்.

கொடுத்த மருந்து வேலை முடிந்ததும் உடைந்து வெளியேற வேண்டும். அதை உடைக்கும் நொதிகள் கல்லீரலில் இருக்கின்றன. சைட்டோகுரோம் பி450 என்ற பெரிய குடும்பத்தில் 3ஏ என்ற கிளை. பூஞ்சையின் உடலிலும் இதே குடும்பத்து நொதி ஒன்று உண்டு. பூஞ்சை தன் செல்லின் சவ்வைக் கட்ட அது வேண்டும். இட்ரகொனசோல், வோரிகொனசோல், பொசகொனசோல் போன்ற 'அசோல்' மருந்துகள் அந்த நொதியைப் பிடித்து முடக்கிப் பூஞ்சையை அழிக்கின்றன. அந்தப் பிடி நம் கல்லீரலின் நொதியையும் விடுவதில்லை. வின்கிரிஸ்டினை உடைக்க ஆளில்லாமல் போகிறது. அளந்து போட்ட ஊசி, அளவுக்கு மீறிப் போட்ட ஊசியைப் போல் நடந்துகொள்கிறது. கேப்ஸ்யூலை நிறுத்தினாலும் இட்ரகொனசோல் உடனே போய்விடுவதில்லை. அதன் தாக்கம் குறைய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம்.

இது புதிதாகத் தெரிந்த செய்தியும் அல்ல. இந்த இரண்டு மருந்துகளும் சேர்ந்து குழந்தைகளை முடக்கியது 1990களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையில் எதிர்ப்புச் சக்தி குறையும் பிள்ளைகளுக்கு நுரையீரல்வரை பூஞ்சை தாக்கும். அப்போது அசோல் மருந்து தேவைப்படலாம். தெரிந்த மருத்துவர்கள் அந்த நாட்களில் ஆம்போடெரிசின், காஸ்போஃபன்ஜின் போல இந்த நொதியைத் தொடாத மருந்துகளுக்கு மாறுவார்கள். அல்லது ஊசி நாளையும் கேப்ஸ்யூல் நாளையும் தள்ளித் தள்ளி வைப்பார்கள். எங்கள் பாப்பாவுக்கு வந்ததோ வெறும் படர்தாமரை. உண்மையைச் சொல்லியிருந்தால் களிம்போடு பொறுத்திருக்கலாம். இரண்டு மருத்துவர்களுக்கும் நடுவில் எல்லாம் தெரிந்த ஒரே இடம் அந்த நாற்பது பக்க நோட்டு. அதன் வாயை நான் அடைத்திருந்தேன்.

பாப்பா இரவில் விழுங்கிய மாத்திரை 6-மெர்காப்டோப்யூரின். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ஜெர்ட்ரூட் எலியன் என்ற பெண் என்று பிறகு படித்தேன். 1937இல் நியூயார்க்கில் வேதியியலில் பட்டம் பெற்றவர். பெண் என்பதாலேயே ஆய்வுக்கூடங்கள் அவரை மறுத்தன. நீ இங்கே இருந்தால் மற்றவர்களின் கவனம் சிதறும் என்றுகூட ஓர் இடத்தில் சொன்னார்கள். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் படித்தார். வேலையா முழுநேரப் படிப்பா என்று முடிவெடுக்கச் சொன்னபோது வேலையைத் தேர்ந்தார். பட்டம் முடிக்கவில்லை. 1953இல் 6-மெர்காப்டோப்யூரின் அனுமதி பெற்றது. 1988இல் நோபல் பரிசு பகிர்ந்து வந்தது. அவருடைய குழுவே அல்லோப்யூரினால் என்ற மருந்தையும் கொடுத்தது. அது 6-மெர்காப்டோப்யூரினை உடைக்கும் நொதியைத் தடுப்பது. முதல் மருந்தின் வேலை கூடட்டும் என்றுதான் அதை முதலில் சோதித்தார்கள். இன்றும் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க நேர்ந்தால் முதல் மருந்தை மூன்றிலொரு பங்கு அல்லது கால் பங்காகக் குறைக்க வேண்டும். ஒரு மருந்து இன்னொன்றோடு என்ன செய்யும் என்பதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருந்தவர் அவர்.

பூஞ்சைக்கு எதிராக மனிதருக்குப் பயன்பட்ட முதல் ஆன்டிபயாடிக்கைத் தந்தவர்களும் இரண்டு பெண்கள். எலிசபெத் ஹேசன் நியூயார்க்கில் மண்ணிலிருந்து நுண்ணுயிரைப் பிரிப்பார். கண்ணாடி ஜாடியில் போட்டுத் தபாலில் ஆல்பனிக்கு அனுப்புவார். ரேச்சல் ப்ரௌன் அங்கே வேதிப்பொருளைப் பிரித்துத் தபாலில் திருப்பி அனுப்புவார். 1950இல் நிஸ்டாடின் அறிவிக்கப்பட்டது. அதில் வந்த 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட உரிமைத்தொகையை இருவரும் அறிவியல் ஆய்வுக்கே விட்டுவிட்டார்கள். வாயில் வரும் பூஞ்சைக்கு அது இன்றும் பயன்படுகிறது. குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வதில்லை என்பதால் இந்தச் சண்டைக்கு வராது.

இவர்களைப் படித்தபோது எனக்குப் பெருமிதம் வந்தது, கூடவே கூச்சமும். அந்தப் பெண்களைக் கொண்டாட எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. பாப்பாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவளை நம்புவதுதான் சிரமமாக இருந்தது. பட்டம் இல்லாத எலியனைப் பற்றி நான் கட்டுரை எழுதுவேன். பட்டம் இல்லாத என் தங்கை சொன்னதைப் பதற்றம் என்று தள்ளினேன். மருத்துவரோ மாமியாரோ அவளை மட்டம் தட்டியதைவிட நான் தட்டியது பெரிது. ஏனென்றால் அவள் என்னிடம்தான் கேட்டாள்.

அந்த முறை பாப்பா பதினேழு நாள் படுக்கையில் இருந்தாள். கேப்ஸ்யூலை நிறுத்தினார்கள். சோடியத்தை மெதுவாக ஏற்றினார்கள். அடுத்த ஊசியைத் தள்ளிப்போட்டார்கள். பாதத்துக்குத் தாங்கு கட்டை மாட்டி, பிசியோதெரபியில் குதிகாலால் நடக்கப் பழக்கினார்கள். செருப்பு நிற்க ஐந்து மாதம் ஆனது. ஒன்பது வயதில் சிகிச்சை முடிந்தது. இப்போது எட்டாம் வகுப்பு. வலது கால் கொஞ்சம் சீக்கிரம் சோர்கிறது என்பாள். கோ-கோ ஆடுகிறாள்.

நோயின் பெயரை ஊரில் சொன்னதும் தங்கைதான். மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரமே தெருவில் கேட்டவர்களிடம் முழுப் பெயரையும் சொன்னாள். மச்சான் வீட்டில் சண்டை வந்தது. "பிள்ள இருந்தாத்தான கல்யாணம்?" என்று மட்டும் கேட்டாள். தோல் மருத்துவரிடமும் அவளே நோட்டோடு போய் நடந்ததைச் சொன்னாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

என் மாணவிகளுக்கு இப்போது ஒன்று சொல்கிறேன். வீட்டில் நீண்ட நாள் மருந்து எடுக்கும் யாராவது இருந்தால் எல்லா மருந்தையும் ஒரே இடத்தில் எழுதுங்கள். தோல் மருந்து, பல் மருந்து, இருமல் மருந்து, நாட்டு மருந்து, கடையில் கேட்டு வாங்கியது எல்லாம். எந்த மருத்துவரிடம் போனாலும் அதை அவர் கண்ணில் படும்படி வையுங்கள். நோயை மறைக்காதீர்கள், முக்கியமாகப் பெண்பிள்ளையின் நோயை. அதை எழுதும் கை பெரும்பாலும் உங்கள் அம்மாவுடையதாக இருக்கும். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள், படியுங்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்த நோட்டைக் கேட்டேன். இதை எழுத வேண்டும், உன்னைப் பற்றி எழுதலாமா என்றும் கேட்டேன். பரணிலிருந்து எடுத்து வந்தாள். மொத்தம் ஏழு நோட்டுகள். கோடு அடித்த அந்தப் பக்கத்தை நான் தேடியபோது அவள் நேராக நான்காவது நோட்டைத் திறந்து காட்டினாள்.

"எழுதுக்கா. ஆனா கோடு அடிச்சது நான்தான்னும் எழுது" என்றாள்.